இறுக்கும்போது முறிந்ததா, கழற்றும்போதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பராமரிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வரும் குறிப்புகளைத் தவறாமல் படிக்கிறேன். செயின், ஸ்பார்க் பிளக், ஆயில் மாற்றுவது எல்லாம் வந்துவிட்டன. எஞ்சினில் போல்ட் முறிந்து உள்ளே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும் வரவில்லை. 32 ஆண்டுகள் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். முறிந்த போல்ட்டோடு வந்தவர்களைவிட, அதை எடுக்கப்போய் உள்ளே முறித்துக்கொண்ட கருவியோடு வந்தவர்களைப் பார்த்துத்தான் அதிகம் வருந்தியிருக்கிறேன்.

சென்ற மாதம் எனக்கே அது நேர்ந்தது. மகளின் வண்டியில் சைலன்சரைக் கழற்றினேன். எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட்டோடு அதைப் பிடித்திருந்த 6 மில்லிமீட்டர் போல்ட், ஸ்பேனரை அழுத்தியதும் ஒரு கணம் இளகியதுபோல் இருந்தது. அது மரை இளகியதல்ல, இரும்பு அறுந்தது. தலைத்துண்டு கையோடு வந்தது. மீதித் தண்டு துளையின் வாய்மட்டத்தில் நின்றுவிட்டது.

இப்படி ஒன்றைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, இறுக்கும்போது முறிந்ததா, கழற்றும்போது முறிந்ததா என்றுதான். இறுக்கும்போது முறிந்ததென்றால் தலை போனதோடு இழுவிசையும் போய்விட்டது. கூரான முனையை விளிம்பில் வைத்து இடப்பக்கமாக மெல்லத் தட்டிக்கொண்டு வந்தாலே பெரும்பாலும் சுழன்று வந்துவிடும். கழற்றும்போது முறிந்தால் கதை வேறு. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருக்கும் இடத்தில் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி மரையிடுக்கை அடைத்துக்கொள்ளும். 6 மில்லிமீட்டர் தண்டையே அறுத்த பிடி அது. அதில் 3 மில்லிமீட்டர் துளையிட்டு, முறிந்த போல்ட்டை எடுக்கவென்றே விற்கும், அந்தத் துளையினும் மெல்லிய முனையுள்ள ‘ஈசி அவுட்’ கருவியை விட்டு முறுக்கினால் எது முறியும்? அந்தக் கருவி கடினப்படுத்திய எஃகு. முறிந்து உள்ளே நின்றால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கி, பக்கத்து அலுமினியத்தைத்தான் குடையும். தயவுசெய்து அதை முதலில் கையிலெடுக்காதீர்கள்.

நான் இரண்டு நாள் காத்திருந்தேன். காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பஞ்ச் வைத்துத் தட்டினேன். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தொலைவில் வைத்து, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, துளையைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினேன். ஒரே சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் உலோகம் அது, பிடி தளரும்.

அரை நாள் போனது, தண்டில் துளையிட நடுப்புள்ளி குறிப்பதில். அதில் எனக்கு வருத்தமே இல்லை. முறிந்த முகம் மேடுபள்ளமாக இருக்கும். அதைச் சமன்செய்யாமல் சென்டர் பஞ்ச் அடித்தால் பிட் ஓரம் போய்விடும். புகைவாயில் துணி அடைத்துவிட்டு, 2.5 மில்லிமீட்டரில் தொடங்கி, அடுத்து இடப்பக்கம் சுழன்று வெட்டும் 4 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டேன். பாதி ஆழத்தில் பிட் பற்றிக்கொள்ள, தண்டு அதோடு சேர்ந்து சுழன்று மேலே வந்தது. வந்திராவிட்டால் 5 மில்லிமீட்டர் வரை குடைந்து, கம்பிச்சுருள்போல் எஞ்சும் மரையை ஊசியால் உரித்தெடுத்து, மரை வெட்டும் கருவியான டேப் விட்டுத் துளையைச் சுத்தம் செய்திருப்பேன். நடுப்புள்ளி சரியாக இருந்தால்தான் அதுவும் முடியும்.

ஸ்பேனரோடு வந்த தலைத்துண்டைப் பிறகு ஒரு புதிய போல்ட்டோடு மரைக்கு மரை ஒட்டிவைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. பழையது இழுபட்டு நீண்டிருந்தது. முன்பு எப்போதோ யாரோ அளவுமீறி இறுக்கியிருக்கிறார்கள். அலுமினியத்தில் ஏறும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் போதும். அது, போல்ட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஸ்பேனரை ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். நீளமான ஸ்பேனரில் பழகிய கை அதை எளிதில் தாண்டிவிடும்.

வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு மட்டும் இறுக்க அளவு இருந்தது. மற்ற எதற்கும் இல்லை. பழுதுபார்ப்பவர்களுக்கான தனி நூலில் இருக்கும் அந்த அட்டவணையை, வண்டி வாங்குபவர் கையிலும் கொடுப்பதில் தயாரிப்பாளர்களுக்கு என்ன தடை? அரைப் பக்கம் போதும். புதிய வண்டிகளை மதிப்பிட்டு எழுதும் தங்கள் செய்தியாளர்கள், கையேட்டில் அந்த அரைப் பக்கம் இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி ஒருவர்