டைமிங் பெல்ட்டோடு சேர்த்து மாற்ற வேண்டிய சாமான்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

உ

அன்புடையீர், வணக்கம்.

“பெல்ட் மட்டும்தானே மாத்தச் சொன்னோம், எஸ்டிமேட்ல வாட்டர் பம்ப், டென்ஷனர், கூலன்ட்டெல்லாம் எதுக்கு?” என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தை முகூர்த்தங்களுக்கு முன் வண்டிகள் வரிசையாக வரும் நேரம் என்பதால், எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறோம்.

டைமிங் பெல்ட் என்பது, பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட். முதலில், எல்லா வண்டியிலும் அது கிடையாது. ஸ்விஃப்ட் டீசல் போன்றவற்றில் இருப்பது செயின். இந்தக் கடிதம் அவற்றுக்கு இல்லை. டஸ்டர் டீசல், போலோ 1.6 டீசல், ஃபிகோ டீசல் போன்றவற்றில் இருப்பது பெல்ட். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ஓட விடுவது வாட்டர் பம்ப்; இந்த மூன்றிலும் அதைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பெல்ட்டைத் தொட வேண்டுமானால் முன் சக்கரத்தைக் கழற்றி, எஞ்சினுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, மவுன்ட்டை எடுத்து, கிராங்க் புல்லியையும் கவர்களையும் அவிழ்க்க வேண்டும். வாட்டர் பம்பை மாற்றவும் இதே வழிதான். இன்று பெல்ட் மட்டும் போட்டு, ஆறு மாதத்தில் பம்ப் கசிந்தால், அத்தனை கூலியையும் மறுபடி கொடுப்பீர்கள். பம்ப் தண்ணீர் பட்ட புது பெல்ட்டையும் நாங்கள் திரும்பப் போட மாட்டோம்.

கூலி மட்டும் காரணமில்லை. பம்ப் பேரிங் ஆட்டம் கண்டால் அதன் புல்லி சாய்ந்து ஓடும். பெல்ட் ஓரமாக நகர்ந்து, விளிம்பு நூல் நூலாகப் பிரியும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனரும், பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லரும் அப்படியே. பழைய டென்ஷனரைக் கையில் பிடித்துச் சுண்டிவிட்டுப் பாருங்கள்: வறண்ட சத்தத்தோடு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். லேசாகச் சுற்றுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். புதியதைச் சுண்டினால், உள்ளே கிரீஸ் இருப்பதால், சத்தமில்லாமல் சட்டென்று நின்றுவிடும். கிரீஸ் காய்ந்த பேரிங்கின் மேல் புது பெல்ட்டை முறுக்கி ஏற்றினால் பேரிங் சூடேறி இறுகும். அது நின்றால் பெல்ட் பல் உதிரும், அல்லது அறுந்துபோகும்.

அறுந்தால், மேலே சொன்ன டீசல் எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டும், வால்வு, கைடு, ஹெட் கேஸ்கட், லேத் வேலை என்று செலவு பெல்ட்டும் கூடவே வரும் சாமான்களும் மாற்றுவதைப் போலப் பல மடங்கு ஆகும். திருமயம் தாண்டி நடுரோட்டில் வண்டி நிற்பது தனிக் கஷ்டம்.

ஆகவே நாங்கள் போடும் செட் இது: டைமிங் பெல்ட் 1, டென்ஷனர் 1, ஐட்லர் இருந்தால் அது, வாட்டர் பம்ப் அதன் கேஸ்கட்டோடு, புது கூலன்ட். ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனி சொல்லும் போல்ட்டுகளும் புதிதுதான். எஞ்சினுக்கு வெளியே ஆல்டர்னேட்டர் போன்றவற்றை ஓட்டும் ஃபேன் பெல்ட் எப்படியும் கழன்று வருவதால் அதையும் மாற்றச் சொல்வோம். அதை அற்பமாக நினைக்காதீர்கள். சில வண்டிகளில் ஃபேன் பெல்ட் கிழிந்து, அதன் நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டையே இழுத்துவிடும். கிராங்க், கேம் ஆயில் சீல்களில் ஈரம் தெரிந்தால் மாற்றுவோம். காய்ந்திருந்தால் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் போன்றவற்றுக்கு இந்த வேலையில் இடமே இல்லை. வாட்டர் பம்ப் வெளி பெல்ட்டில் ஓடும் வண்டியில், பம்ப் கசியாமல் ஆடாமல் இருந்தால் அதையும் விட்டுவிடலாம்.

“வண்டி ஓடவே இல்லையே” என்பது நம் ஊரில் அதிகம் கேட்கும் பேச்சு. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, பிள்ளையார் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து எடுக்கும் வண்டி பத்து வருடத்தில் 30,000 கி.மீ கூட ஓடியிருக்காது. ஆனால் பெல்ட்டுக்குக் கணக்கு இரண்டு: கிலோமீட்டர், வருடம். எது முந்துகிறதோ அதுதான் கெடு. உங்கள் வண்டியின் கையேட்டில் இரண்டும் இருக்கும். கார் ஷெட்டுக்குள் சும்மா நின்றாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். மாதக்கணக்கில் அசையாத பம்ப் சீல், வண்டியை எடுத்தவுடன் கசியத் தொடங்குவதும் உண்டு. பம்ப் உடம்பில் உள்ள சிறு துளைக்குக் கீழே வெள்ளையாகவோ, பச்சையாகவோ, ரோஸாகவோ உப்புப் படிந்திருந்தால் அதுதான் அடையாளம்.

கூலன்ட்டைப் பற்றி ஒன்று. நம் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்கத் தேனாக இருக்கும், ரேடியேட்டருக்கு ஆகாது. எந்த நிலத்தடி நீரிலும் உப்பு உண்டு, அது உள்ளே படியும். கான்சென்ட்ரேட், அதாவது தண்ணீர் கலக்காமல் வரும் கூலன்ட் என்றால், டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும். கலந்தே வருவதில் தண்ணீர் சேர்க்கவே கூடாது. நிறம் மாற்றி ஊற்றி ஒப்பேற்றவும் வேண்டாம்.

பெல்ட் போட்டதும் கேம், கிராங்க் பூட்டும் பின்களை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மறுபடி அதே இடத்தில் நுழைகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாவி போடுவோம். பிறகு ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை எஞ்சினை விட்டு, கூலன்ட்டில் சிக்கிய ஏரை எடுத்து, ஆறியபின் கூலன்ட் மட்டத்தை மீண்டும் பார்ப்போம். இதனால்தான் ஒரு நாள் முழுக்கக் கேட்கிறோம்.

கழற்றிய சாமான்களைப் புது சாமான் வந்த டப்பாவிலேயே போட்டு உங்களிடம் தருவோம். டென்ஷனரைச் சுண்டிப் பாருங்கள். பில்லில் தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருக்கும். ஊருக்குப் போகும்போது படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் டென்ஷனை எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் வைக்க முடியும். ஆகவே முதல் நாள் மாலையே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள்; கையேடும் பழைய பில்லும் வண்டியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பட்டறையினர்,
காரைக்குடி