கருத்துக்கணிப்புக்காரங்க கன்னபோலிஸ் பக்கம் போனாங்களாங்க?

கரூர், 10.11.2016

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

நான் அரசியல் படிச்சவன் இல்லீங்க, கரூர்ல 22 மிசின் போட்டு கிச்சன் டவலும் ஏப்ரனும் ஜாப் வொர்க்குக்கு தெச்சுக் குடுக்கறவன், தெனமும் டீக்கடைல உங்க பேப்பர மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுப்போட்டுத்தான் ஷட்டரத் தூக்குவேன். செவ்வாக்கெழம காலைல ஹிலாரி கிளிண்டன்தான் அமெரிக்காவுக்கு மொத பெண் அதிபரா வரப்போறாங்கங்கற மாதிரி அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க. அவங்க படிச்ச காலேஜு, கட்டற கோட்டு சூட்டு எல்லாம் இருந்துச்சு. எதுத்து நிக்கற டிரம்பப் பத்தி அவரு தலமுடிய கிண்டல் பண்ணி நாலு வரி, அவ்வளவுதான். உங்கள மட்டும் கொற சொல்லலீங்க, நியூயார்க் டைம்ஸே ஹிலாரிக்கு 85 சதவீதம் வாய்ப்புன்னு போட்டிருந்துச்சாம், அங்கயே அப்படின்னா இங்க ஒக்காந்து எழுதற நீங்க என்ன பண்ணுவீங்க.

செவ்வாக்கெழம ராத்திரி எட்டு மணிக்கு என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு பிரதமர் டிவில சொல்றப்ப, சனிக்கெழம சம்பளத்துக்குன்னு அன்னிக்கு சாயந்திரம்தான் பார்ட்டிகிட்ட வாங்கியாந்த கட்டு அப்படியே மேசை டிராயர்ல கெடக்குது, அத்தனையும் ஐநூறு. ராத்திரி பூரா தூக்கமில்லீங்க. அமெரிக்கால சார்லட்ல இருக்கற தங்கச்சி மகன் வாட்ஸப்புல, "மாமா, இங்க ஹிலாரிதான், நீங்க நிம்மதியா தூங்குங்க"ன்னு போட்டிருந்தான். அடப்பாவி மாப்ள, நான் தூங்காதது அதுக்கில்லடான்னு நெனச்சுக்கிட்டேன்.

புதன்கெழம பேங்கு லீவு, ஏடிஎம் லீவு, சரி வேற என்ன பண்றதுன்னு காலைல ஆறு மணிக்கே ஆபீஸ் ரூம்ல இருக்கற பழைய டிவியப் போட்டுட்டேன். அங்க ராத்திரி ஏழரை, நமக்கும் அவங்களுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசமுங்க. மொதல்ல எல்லாம் எதிர்பாத்த மாதிரியே வந்துச்சு, டிரம்புக்கு செவப்பு, ஹிலாரிக்கு நீலம்னு படத்துக்கு வர்ணம் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. எட்டரைக்கு மேல டிவிக்காரங்க மூஞ்சி மாற ஆரம்பிச்சுது. ஒம்பது மணி வாக்குல ஒஹையோ டிரம்புக்குப் போச்சு, 18 ஓட்டு. அங்க ஸ்டேட்டுக்கு இத்தன ஓட்டுன்னு கணக்கு வெச்சிருக்காங்க, மொத்தத்துல 270 எடுத்தா அதிபருங்க. கொஞ்ச நேரத்துல புளோரிடா, 29. செக்கிங் டேபிள்ல இருக்கற அக்கா எட்டிப் பாத்து, "ஏந்தம்பி, நம்ம காசுக்கு எதாச்சும் சொல்றாங்களா"ன்னு கேட்டாங்க, இல்லீங்கக்கா இது அமெரிக்கா எலெக்சன்னேன், "அட போ, அவங்கவங்களுக்கு அவங்கவங்க வெசனம்"னு போட்டு டவல மடிக்கப் போயிட்டாங்க.

ஒம்பதேமுக்காலு இருக்கும், மாப்ள கிட்ட இருந்து மெசேஜ். "மாமா எங்க ஸ்டேட்டும் போச்சு". நார்த் கரோலினா, 15 ஓட்டு. அவனுக்கு அங்க ஓட்டுக் கெடயாது, ஹெச்1பி விசாவுல இருக்கறவன், அந்த விசாவப் பத்தி டிரம்ப் பேசுன பேச்சுக்கு இப்ப அவனுக்கு வயித்துல புளியக் கரைக்குது. பன்னெண்டு மணிக்கு பென்சில்வேனியா. ஒரு மணிக்கு விஸ்கான்சினும் வந்து 270ஐத் தாண்டிருச்சுன்னுட்டாங்க, நான் சோத்துப் போசிய தொறந்து வெச்சுட்டு சாப்பிடாம ஒக்காந்திருந்தேன். விஸ்கான்சின்ல 1984ல ரீகன் ஜெயிச்சதோட சரியாம், அதுக்கப்பறம் டிரம்போட குடியரசுக் கட்சி அதிபர் எலெக்சன்ல அங்க ஜெயிச்சதே இல்லியாம், அந்தம்மா வேட்பாளரான பொறகு பிரச்சாரத்துக்கு ஒருக்கா கூட அந்தப் பக்கம் போகலியாம். நம்மூர்ல கவுன்சிலருக்கு நிக்கறவன் கோட பத்து ஓட்டு இருக்கற சந்துக்குள்ளயும் கும்பிடு போட்டுட்டு வர்றான்.

மத்தியானம் தையக்காரப் பையன் ஒருத்தன் கேட்டான், "ஏனுங்ணா, மொத்த ஓட்டு அந்தம்மாதான் எச்சா வாங்கிருக்குதுன்னு ஓடுது, அப்பறம் எப்படி இவரு ஜெயிச்சாரு?" நம்ம எம்எல்ஏ கணக்கு மாதிரித்தான் கண்ணுன்னு சொன்னேன். ஒரு தொகுதில லட்சம் ஓட்டு எச்சா வாங்குனாலும் ஒரு எம்எல்ஏதான், பத்து ஓட்டு எச்சா வாங்குனாலும் ஒரு எம்எல்ஏதான். கலிபோர்னியாவுல மலை மாதிரி குமிச்சு என்ன பண்றது, மில்லு மூடின ஊர்கள்ல கொஞ்சங்கொஞ்சமா சிந்திருச்சு. 2000த்துலயும் அல் கோர் இப்படித்தான் மொத்த ஓட்டுல முன்னாடி இருந்தும் தோத்தாரு, புளோரிடாவுல வெறும் 537 ஓட்டு.

இப்ப நான் எதுக்கு இந்தக் கடிதம் எழுதறேன்னு சொல்லீர்றேனுங்க. 2014ல மாப்ள டிக்கெட் போட்டுக் குடுத்து நானும் தங்கச்சியும் சார்லட் போயி ஒரு மாசம் இருந்தோம். ஒரு ஞாயித்துக்கெழம, மாமா நீங்க டவல் தெக்கறவராச்சே வாங்கன்னு பக்கத்துல கன்னபோலிஸ்னு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனான். ஒரு காலத்துல ஊரே மில்லுதானுங்க, கேனன் மில்லு, டவலும் பெட்ஷீட்டும். வேல செய்யறவங்க குடியிருந்த வீடு கோட மில்லு வீடு, நம்ம கோயமுத்தூர் மில் லைன் வீடுக மாதிரின்னு வெச்சுக்கங்களேன். அப்பறம் கை மாறி கை மாறி பில்லோடெக்ஸ்ங்கற கம்பெனிகிட்ட வந்து, 2003 ஜூலை 30ஆம் தேதி மூடிட்டாங்க, அந்த வட்டாரத்துல மட்டும் 4,000 பேருக்கு மேல வேல போச்சு. நான் போனப்ப மில்லு இருந்த எடத்துல தரைமட்டமா இடிச்சுப்போட்டு பெரிய பெரிய ஆராய்ச்சிக் கட்டடமா கட்டிருந்தாங்க, வாசல்ல பூச்செடி.

அங்கயே ஒரு கடைக்குள்ள போனோம். எனக்கு எங்க போனாலும் துணியத் தொட்டுப் பாக்காம இருக்க முடியாது. கோடு போட்ட கிச்சன் டவல் ஒண்ண எடுத்து ஓரத் தையல தடவிப் பாத்தேன், மூலைல மடிப்பு சரியா வந்திருக்குதான்னு பாத்தேன், திருப்பி லேபிளப் பாத்தா மேட் இன் இந்தியா. எனக்கு சந்தோசம் தாங்கலீங்க, நம்மூராத்தான் இருக்கும்னு மாப்ளகிட்ட சொல்லிச் சொல்லிக் காட்டறேன். பில்லு போடற எடத்துல இருந்தது அறுபது வயசு இருக்கற வெள்ளக்கார அம்மா. டவல வாங்குனதும் அவங்களும் கட்டை வெரல வெச்சு ஓரத்த ஒரு இழு இழுத்தாங்க பாருங்க, அச்சு அசலா எங்க செக்கிங் அக்கா இழுக்கற மாதிரி. அப்பறம் மூணா மடிச்சு லேபிள் மேல தெரியற மாதிரி வெச்சாங்க. கடைல இருக்கறவங்க அப்படி மடிக்க மாட்டாங்க, அது பேக்கிங் செக்சன் மடிப்பு. மாப்ளய விட்டுக் கேக்கச் சொன்னேன். பள்ளிக்கூடம் முடிச்சதுல இருந்து மில்லுலதான் இருந்தாங்களாம், மூடற வரைக்கும் டவல் செக்கிங்காம்.

நானும் டவல் தெக்கறவன்னு மாப்ள சொல்லிப்போட்டான். அந்தம்மா கோவப்படலீங்க. சிரிச்சாங்க. இதத் தெக்கறவங்களுக்கு அங்க ஒரு நாளைக்கு எவ்வளவு குடுப்பீங்கன்னு கேட்டாங்க. நான் மனசுக்குள்ள ரூபாய டாலரா மாத்திப் பாத்தேன், வாயில வரல. மாப்ள என்னமோ சொல்லி சமாளிச்சுட்டான். டவல வாங்கிட்டு வந்து காருல ஒக்காந்தா எனக்கு பேச்சே வரல, தங்கச்சி கோட, "ஏனுங்ணா, தல வலிக்குதா"ன்னு கேட்டுது.

அந்தம்மா முந்தாநேத்து ஆருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா இந்தாளு ஊர் ஊரா மேடை போட்டு, உங்க மில்லையும் பேக்டரியையும் வெளிநாட்டுக்கு வித்துட்டாங்கன்னு சொல்றப்ப அந்த மாதிரி எத்தன பேரு நின்னு கேட்டிருப்பாங்க? அவரு பேசறது நாக்கூசற பேச்சு, பொம்பளைகளப் பத்திப் பேசுனதெல்லாம் வீட்டுல டிவிய அமத்தற மாதிரி இருந்துச்சு, மெக்சிகோக்காரங்க, முஸ்லீமுக, ஒருத்தர விடல. எனக்கு அந்தாள சுத்தமா புடிக்கல. புடிக்காதுங்கறதுக்காக ஜெயிக்க மாட்டார்னு நெனச்சது எங்க தப்பு, உங்க தப்பும் அதேதான். கன்னபோலிஸ நேர்ல பாத்துட்டு வந்த எனக்கே ரெண்டு வருசத்துல மறந்து போச்சேங்க, ஹிலாரிதான்னு நானும்தான டீக்கடைல அடிச்சுப் பேசிட்டிருந்தேன்.

வேல போன ஊரு எப்படி இருக்கும்னு கொங்கு நாட்டுக்காரனுக்கு ஆரும் சொல்லித் தரவேண்டியதில்ல. 2011 ஜனவரில கோர்ட் உத்தரவுல திருப்பூர்ல 700க்கு மேல சாயப்பட்டறைய மூடுனப்ப சனங்க மூட்ட முடிச்சோட பஸ் ஸ்டாண்டுல நின்னத நான் கண்ணால பாத்தேன். ஆறு நாறிப்போச்சு, மூடுனது நாயந்தான், நொய்யல் கரைல வெவசாயம் பண்றவங்களக் கேட்டா தெரியும், ஆனா மூட்டையத் தூக்கிட்டு நிக்கறவன்கிட்ட நாயம் பேச முடியாதுங்க. 1996ல மொடக்குறிச்சில என்ன நடந்துச்சு? வெவசாயிக சொல்றத ஒருத்தரும் கேக்கலேன்னு போயி வேட்புமனு போட்டாங்க, கடைசில ஒரே தொகுதில 1,033 பேரு நின்னாங்க, ஓட்டுச்சீட்ட பொஸ்தகமா அச்சடிச்சு தேர்தலயே ஒரு மாசம் தள்ளி வெச்சாங்க. அத உலகமே சிரிச்சுப் பாத்துச்சு, எங்களுக்கு அது சிரிப்பா இல்ல. கோவம் வந்தா சனங்க இருக்கற ஓட்ட வெச்சுத்தான் காட்டுவாங்க.

இந்த மே மாசம் நம்ம ஸ்டேட்லயும் பாத்தமே. ஓட்டுப் போட்டு வெளிய வந்தவங்கள நிறுத்திக் கேட்டுட்டு நெறைய டிவில திமுகன்னாங்க, வந்தது அதிமுக. 32 வருசமா ஆண்ட கட்சி திரும்ப வந்ததில்லன்னு கணக்கு சொன்னவங்க எல்லாம் அப்பறம் கணக்க மாத்திக்கிட்டாங்க. கேக்கறவன் மூஞ்சியப் பாத்து பதில் சொல்றவங்கதானுங்க சனங்க.

இங்க எக்ஸ்போர்ட்காரங்க ரெண்டு நாளா பேசறது வேற மாதிரி. சைனாவுக்கு 45 சதவீதம் வரி போடறேன்னு டிரம்ப் சொல்லிருக்காரு, போட்டா ஆர்டர் நமக்கு வரும்ங்கறாங்க. பசிபிக் நாடுக பன்னெண்டு சேந்து போட்ட ஒப்பந்தத்த தூக்கிக் கெடாசுவேன்னிருக்காரு, அதுல வியட்நாம் இருக்குது, நாம இல்ல, அது வந்திருந்தா வியட்நாம்காரன் டவலும் பனியனும் வரியில்லாம உள்ள போயி நம்ம பொழப்பு நாறியிருக்கும், சாமியாப் பாத்து காப்பாத்துச்சுன்னு ஒருத்தரு முட்டாயே வாங்கிக் குடுத்தாரு. புதன்கெழம காலைல சென்செக்ஸ் 1,600 புள்ளிக்கு மேல கீழ போயி, சாயந்திரம் 338 நட்டத்தோட முடிஞ்சுது, அந்த மாதிரித்தான் இவங்க மூஞ்சியும் காலைல ஒரு மாதிரி சாயந்திரம் ஒரு மாதிரி. எனக்கு முட்டாய் எறங்கலீங்க. வெளிநாட்டுத் துணியாலதான் உங்க பொழப்பு போச்சுன்னு சொல்லி ஓட்டு வாங்குன மனுசன் சைனாவோட நிறுத்திக்குவாருன்னு நமக்கு ஆரு பாண்டு பத்திரம் எழுதிக் குடுத்தது? அந்த டவல்ல இருந்த லேபிள் சைனா லேபிள் இல்லியே.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அடுத்த 19ஆம் தேதி எங்க மாவட்டத்துல அரவக்குறிச்சிக்கு எலெக்சன் வருது, மே மாசம் பணம் வெள்ளமா ஓடுதுன்னு தேர்தல் கமிஷன் நிறுத்தி வெச்ச அதே அரவக்குறிச்சி. இப்ப ஐநூறு ஆயிரம் செல்லாம போனதுல என்ன பண்ணப்போறாங்கன்னு டீக்கடைல ஒரே எகத்தாளம். தயவு செஞ்சு அதுக்கும் ஆரு ஜெயிப்பான்னு அரைப்பக்கம் போட்றாதீங்க. அந்த எடத்துல முருங்கக்கா வெல என்னாச்சு, அமராவதில தண்ணி வருதா, தறி எத்தன ஓடுது எத்தன நிக்குதுன்னு ஒரு ஆள அனுப்பி எழுதுங்க. முடிவ 22ஆம் தேதி பொட்டியே சொல்லீரும்.

இன்னிக்கு பேங்கு தொறந்து மூணு மணி நேரம் நின்னு ஆதார் ஜெராக்ஸ் குடுத்து நாலாயிரம் மாத்துனேன், ரெண்டு ரெண்டாயிரம் நோட்டு, கைல புடிச்சா முட்டாய்த்தாள் மாதிரி இருக்குது, சில்லற ஒருத்தருகிட்டயும் இல்ல. சனிக்கெழம சம்பளத்துக்கு என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல. அக்கா சொல்லிட்டாங்க, "அடுத்த வாரம் குடு தம்பி, எங்க போயிருவ"ன்னு.

கடிதம் நெம்ப நீளமாப் போச்சுங்க. வெட்டறதா இருந்தா எங்க சம்பளக் கதைய வெட்டிக்கங்க, அந்த பில்லு போட்ட அம்மா சமாச்சாரத்த மட்டும் வெட்டிப்போடாதீங்க.

இப்படிக்கு,
தையல் யூனிட்காரன் ஒருத்தன், கரூர்