அட்டையை மாற்றும் முன் யோசியுங்கள்

ஐயா,

70 வயது நிரம்பிய எல்லோருக்கும், வருமான வரம்பு இல்லாமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை என 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான்.

மத்திய அரசு ஓய்வூதியரான என் அப்பா, மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்-ஐ விட்டுவிட்டு இதற்கு மாறிவிடலாமா என்று கேட்டார். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மாறினால் மாதாமாதம் சிஜிஎச்எஸ் மருந்தகத்தில் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் கைக்காசில்தான். வேண்டாம்ப்பா என்று தடுத்துவிட்டேன். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதோடு இந்த அட்டையையும் வாங்கலாம்.

பதிவு முகாம்களில் ஆதாரைக் கேட்கிறார்கள், கைரேகை வாங்குகிறார்கள். அதோடு, 'உங்களிடம் ஏற்கெனவே என்ன காப்பீடு இருக்கிறது, மாதம் மருந்துக்கு எவ்வளவு ஆகிறது?' என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, இந்த அட்டைக்கு மாறினால் வரும் விளைவைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். வயதானவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே அது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

ஓய்வூதியர் ஒருவரின் மகள்,
புதுச்சேரி