கன்னேரிமுக்கு சிவப்பு வீடு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ ஒன்பதாவது படிக்கையில் கூட்டிப்போகச் சொல்லி அழுதாயே, அந்தக் கன்னேரிமுக்குக்குப் போன வியாழக்கிழமைதான் போய்வந்தோம். கோத்தகிரிக்குப் பக்கத்து ஊர்தான் அது. கோத்தகிரி இங்கிருந்து 33 கிலோமீட்டர். அதுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது எனக்கு. "சீசன், மண்டியில் லீவு கிடைக்காது" என்று உன்னிடம் சொன்னதில் பாதி பொய்.

குஞ்சப்பனை தாண்டியதும் உங்கம்மாவுக்குத் தலைசுற்றல். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள்.

சிவப்புச் சுவரும் ஓட்டுக் கூரையுமாக நிற்கிறது வீடு. 1819இல் ஜான் சல்லிவன் கட்டியது. மலையில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் வீடு என்கிறார்கள். அப்போது நீலகிரி நம்ம கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது, அவர் நமக்குக் கலெக்டர். இந்த இடம் சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கிறது என்று, பின்னால் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவுக்குக் கடிதம் எழுதியவர். பாழாய்க் கிடந்த வீட்டைப் பழுதுபார்த்து, தோடர், கோத்தர், படகர் பற்றிய படங்களும் பழைய சாமான்களும் வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் பார்த்தேன். ஆனால் மனசு ஒட்டிக்கொண்டது உருளைக்கிழங்கில். மலையில் அந்தப் பயிர் பரவியதில் சல்லிவனுக்குப் பெரிய பங்காம். இருபத்தேழு வருஷம் கிழங்கு மண்டியில் கணக்கு எழுதினேன். மூட்டையைப் பிரித்து மண்ணைப் பார்த்தாலே எந்தப் பக்கத்துக் கிழங்கு என்று சொல்லிவிடுவேன். மலைக்கு அது எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நீ கேட்டிருப்பாய்.

தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கியவரும் அவர்தான். மலை தோடர்களுக்கே உரிமை என்று சர்க்காரோடு மல்லுக்கு நின்றவரும் அவர்தான். என் கணக்குக்கு இந்த ஐந்தொகை நேராகவில்லை.

அவர் மனைவியும் ஒரு மகளும் ஊட்டியிலேயே இறந்து, புனித ஸ்தேவான் கோயில் கல்லறையில் இருக்கிறார்கள். அவர் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அதைச் சொன்னதும் உங்கம்மா, "அந்த மனுசன் எப்படித்தான் போனாரோ" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் வெகுநேரம் உன் பேச்சுத்தான்.

திரும்புகையில் கோத்தகிரியில் இரண்டு கிலோ வாங்கினோம். கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரிகிற புதுக்கிழங்கு. வறுவல் செய்தாள். விலை சொன்னால் சிரிப்பாய், என்னையே ஏமாற்றிவிட்டான்.

மே மாதம் வருகிறாய் அல்லவா? டிக்கெட் போட்டதும் சொல். விடிகாலை பஸ்ஸில் போய்விடலாம். முன்சீட்டு நான் பிடித்து வைக்கிறேன்.

அப்பா
மேட்டுப்பாளையம்