ராமைக் கூட்டச் சொல்ல முதல் கேர்னலை ஒருக்கா பாருங்கோ: இமேஜ் செய்யிற ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

லேப்புகளுக்கு லினக்ஸ் இமேஜ் (மெஷினில அப்பிடியே ஏத்திற முழு சிஸ்டத்தின்ர பிரதி) செய்து அனுப்புற தொழில்நுட்பப் பிரிவு அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம்.

நான் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு சின்ன கொம்பியூட்டர் லேப்பைப் பாக்கிற ஆள். எல்லாம் 4 ஜிபி ராம், சுத்துற ஹார்ட் டிஸ்க், எங்கயோ ஒரு ஒபிஸில பாவிச்சுக் கழிச்ச மெஷினுகள். அதில குறை சொல்லேல்ல, கிடைச்சதே பெரிசு. மெஷின் இறுகுது இறுகுது எண்டு உங்களுக்கு மூண்டு தரம் எழுதினன், மூண்டு தரமும் வந்த மறுமொழி ஒண்டுதான், ராமைக் கூட்டுங்கோ. கூட்ட எங்களிட்டக் காசு இருந்தா நான் ஏன் உங்களுக்கு எழுதுறன்?

போன கிழமை ஓஎல் பிள்ளை ஒண்டு பிரௌசரில நாலைஞ்சு டப் திறந்து வைச்சுக்கொண்டு லிப்ரே ஒபிஸில இரணைமடுக் குளத்தைப் பற்றி அடிச்சுக்கொண்டிருந்தது. 'இர' மட்டும் வந்திச்சு, மிச்சம் வரேல்ல. மவுஸ் அம்பு அசையேல்ல, டிஸ்க் லைட் மட்டும் நூராமல் எரியுது. பிள்ளை கையை எடுத்து மடியில வைச்சுக்கொண்டு சும்மா இருந்திச்சு, பழகிட்டுது பாருங்கோ. நான் பக்கத்து மெஷினால உள்ளுக்கை போய், அதுக்கே எவ்வளவு நேரம், டொப் எண்ட கட்டளையை அடிச்சுப் பாத்தா மேல நிக்கிறது கேஸ்வொப்டி, மெமரி குறையேக்க இடம் தேடிக் குடுக்கிற கேர்னலின்ர வேலையாள். விஎம்ஸ்டாட் எண்ட மெமரிக் கணக்கைப் பாத்தா பிஜிஸ்கான் கணக்கு விடாமல் ஏறுது, பிஜிஸ்டீல் நகருறதே இல்லை. அதாவது கேர்னல், லினக்ஸின்ர மையப் புரோகிராம், மெமரியைப் பேஜ் பேஜா, சின்னச் சின்னத் துண்டா, எடுத்துப் பாக்குது பாக்குது, ஆனா விடுவிக்கிறது ஒண்டு ரெண்டு. ராம் காணாது எண்டது உண்மைதான், ஆனா தேடுற விதமும் பிழை.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் இதை வாசிக்கிற மற்ற லேப் ஆக்களுக்காகச் சொல்லுறன். 4 ஜிபியை 4 கேபி பேஜாப் பிரிச்சா 10 லட்சத்துக்கு மேல வரும். பழைய எல்ஆர்யூ முறையில (கன நேரம் தொடாததை முதல் வெளியேத்திற முறை) லிஸ்ட் வாலில இருந்து ஒரு பேஜை எடுத்து, இதை ஆர் ஆர் பாவிக்கினம் எண்டு ஒவ்வொரு புரோசஸா, அதாவது ஓடுற புரோகிராமா, தேடிப்போய் அக்சஸ்ட் பிட்டை, அண்மையில தொட்டதோ எண்ட அடையாளத்தை, பாக்க வேணும். எங்கட பக்கத்துக் கணக்கில சொன்னா, பட்டியில ஒரு மாட்டைப் பிடிச்சு, குறியைப் பாத்து, உரிமைக்காரன்ர வீட்டுக்கு நடந்து போய் இது தேவையோ எண்டு கேட்டிட்டு, திரும்பி வந்து அடுத்த மாட்டைப் பிடிக்கிற மாதிரி. எல்லாப் புரோகிராமும் பங்கு போடுற லைப்ரரி பேஜ் எண்டா ஒரு மாட்டுக்கு நாப்பது பங்காளி, நாப்பது வீடும் ஏறி இறங்க வேணும். பொழுதுபட்டிடும். அதுக்குள்ள ஃப்ரீ மெமரி இன்னும் கீழ போனா, கேஸ்வொப்டியை நம்பாமல் மெமரி கேட்ட புரோகிராமே தன்ர வேலையை விட்டிட்டு இடம் தேடப் போகும். அந்தப் பிள்ளையின்ர மவுஸ் நிண்டது அந்த நேரம்தான்.

இதுக்கு மருந்து எப்பவோ வந்திட்டுது. கூகிளில இருந்த யூ சாவோ எழுதின மல்டி ஜென் எல்ஆர்யூ, 2022 டிசம்பரில வந்த 6.1 கேர்னலில சேந்தது. அது மாட்டைப் பிடிக்கிறேல்ல, நேர வீட்டு வளவுக்குப் போகும். புரோசஸின்ர பேஜ் டேபிளில, அதாவது அதின்ர பேஜுகள் எங்க கிடக்கு எண்ட பதிவில, ஒரு தாளில 512 வரி இருக்கு, 2 எம்பி இடத்தை ஒரே பார்வையில பாத்து, அண்மையில தொட்டதுகளைப் புதுத் தலைமுறைக்கு ஏத்திவிடும், தொடாததுகள் கிழண்டு கடைசியில வெளியேறும். எந்தத் தாளில பாக்கிறதுக்கு ஏதும் இருந்தது எண்டு ப்ளூம் ஃபில்டர் எண்ட சின்னக் குறிப்பில குறிச்சு வைக்கிறதால வெறும் ஒழுங்கையளுக்குள்ள போய் அலையாது. சில வேளை சும்மாவும் ஒருக்கா போய்வரும், அது பரவாயில்லை. கூகிள் தன்ர மெஷினுகளில கேஸ்வொப்டி எடுக்கிற சிபியூ 40 சதவீதம் குறைஞ்சது எண்டு சொல்லியிருந்தது. எங்கட ஹார்ட் டிஸ்கில அவ்வளவு வருமோ எண்டு நான் அடிச்சுச் சொல்ல மாட்டன், பாதி வந்தாலே பிள்ளையளுக்குக் காணும்.

நீங்கள் அனுப்பின இமேஜில கிடக்கிறது 5.15 கேர்னல். அடுத்த இமேஜுக்கு 6.1ஓ அதுக்குப் பிறகு வந்ததோ போடுங்கோ. ஆனா கேர்னலை மாத்தினா மட்டும் காணாது. கேர்னலைக் கட்டேக்க இதைச் சேர்க்கச் சொல்லி ஒரு ஓம், பூட் ஆகேக்கையே ஓடச் சொல்லி இன்னொரு ஓம், ரெண்டும் குடுக்க வேணும், இல்லாட்டி சும்மா அணைஞ்சு கிடக்கும். மின் டிடிஎல் எண்டு ஒரு செட்டிங் இருக்கு, அதில 1000 போட்டா கடைசி ஒரு செக்கனில பாவிச்ச பேஜுகளைக் கை வைக்காது, இறுகுறது குறையும். இடமே இல்லாட்டி ஏதோ ஒரு புரோகிராமை நிப்பாட்டிப்போடும் எண்டதும் உண்மை, அதால லிப்ரே ஒபிஸில ஓட்டோ சேவை ரெண்டு நிமிசத்துக்கு வைச்சு விடுங்கோ. பேஜுகளை ராமுக்குள்ளயே சுருக்கி வைக்கிற ஸீராமையும் போட்டுவிட்டா டிஸ்க் கொஞ்சம் மூச்சு விடும்.

உதுகளை இஞ்ச நானே செய்யலாம்தான், ஆனா பன்ரண்டு மெஷினில கை வைச்சா பிறகு பிழைச்சா உங்கட ஆக்கள் பாக்க மாட்டினம் எண்டு கடிதத்தில போட்டிருக்கிறியள். ஒரு மெஷினுக்காவது அனுமதி தாங்கோ. ஒரு கிழமைக்குப் பழைய இமேஜ், ஒரு கிழமைக்குப் புதுசு, பிஜிஸ்கான் பிஜிஸ்டீல் கணக்கை நாளுக்கு நாள் எழுதி அனுப்பிறன். இமேஜை டவுன்லோட் பண்ண இஞ்சத்தைய டேட்டா காணாது, கிளிநொச்சிக்கு ஆரும் வந்தா சொல்லுங்கோ, பென் ட்ரைவோட பஸ் ஏறி வாறன்.