குருசடைத் தீவைக் காட்ட, பாசி எடுக்கும் பெண்களை அழையுங்கள்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைக் கவனித்துவரும் வனத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். பாம்பன் பக்கத்தில் பிறந்து, இன்றும் இந்தக் கரையிலேயே இருக்கிறவன் எழுதுகிறேன். குந்துக்காலில் படகேறி, குருசடைத் தீவில் இறங்கி நடந்து பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பும் பயணம் பற்றித்தான் இந்த மடல். ஒரே ஒரு கோரிக்கை. அந்தத் தீவைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டும் வேலையை, சின்னப்பாலத்திலும் பக்கத்து ஊர்களிலும் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களிடம் கொடுங்கள். சம்பளத்தோடு, அடையாள அட்டையோடு கொடுங்கள்.

பயணிகள் தீவுக்கே வரக்கூடாது என்று சொல்பவன் இல்லை நான். ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போய்வருகிறார்கள். அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தம், தரிசனம், அப்புறம் தனுஷ்கோடி. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு, அதைச் சாலைப் பாலத்திலிருந்து எட்டிப் பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் கடல் தெரிகிறது. அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் 1897-ல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து கரையேறிய அதே குந்துக்காலில் நின்று, எதிரே தெரியும் தீவுக்குப் போகலாம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் இறங்கியதும் அவர்கள் கண்ணுக்கு என்ன படுகிறது? வெள்ளை மணல். கரையெல்லாம் காலைக் குத்தும் செத்த பவளத் துண்டுகள். உப்புக் காற்றில் குட்டையாகவே நின்றுவிட்ட புதர்கள். உள்ளே தண்ணீர் தேங்கும் இடத்தில் வேர்களை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் சுரபுன்னை. நிழல் குறைவு, வெயில் அதிகம். சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் சுற்றிவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு, 'இவ்வளவுதானா' என்று படகுக்குத் திரும்பிவிடுவார்கள். 1920-களில் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் இந்தத் தீவின் கரையோர உயிர்களை மட்டும் ஆராய்ந்து தனி வெளியீடே கொண்டுவந்தார்கள். விலங்கியல் மாணவர்கள் படிக்கும் பலனோகிளாசஸ் என்ற புழு போன்ற உயிரி இந்த மணலுக்குள்தான் வளை பறித்து வாழ்கிறது. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் வைத்துப் பேசப்படும் உயிரி அது. கடல் உள்வாங்கும் நேரத்தில் ஆழம் குறைந்த இடத்தில் மணல் சுருள் சுருளாகக் குவிந்து கிடக்கும். பலனோகிளாசஸ் வெளியே தள்ளிய மணல் அது. தெரியாதவர் அதை மிதித்துக்கொண்டு போவார்.

பாசி எடுக்கும் பெண்கள் மிதிக்க மாட்டார்கள். ஏன் என்று அவர்களிடம் ஒரு காலைப்பொழுது பேசிப்பார்த்தால் உங்களுக்கே தெரியும். முகத்துக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து வருகிறவர்கள் அவர்கள். பல குடும்பங்களில் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த தொழில். எந்தப் பாறையில் எந்தப் பாசி இருக்கும், எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும், மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதிக்காமல் எப்படிக் காலை நகர்த்த வேண்டும், எந்தச் சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் அரிப்போடு போகும், எது பட்டால் உடனே கரையேற வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் உடம்பாலேயே படித்த பாடங்கள். உயிரோடு இருக்கும் பவளத்தையும் செத்த பவளத்தையும் தண்ணீருக்கு மேலே நின்றே பிரித்துச் சொல்வார்கள். தாழை என்று அவர்கள் சொல்லும் கடற்புல் வெளிகள் எங்கே அடர்ந்திருக்கின்றன, ஆவுளியா என்ற கடற்பசு மேய வருவது எந்தப் பக்கம், பேராமை தலை தூக்குவது எங்கே என்று கேட்டுப்பாருங்கள். இந்த அறிவுக்கு ஒரு நாளும் யாரும் காசு கொடுத்ததில்லை. அவர்கள் பறித்துக் கொண்டுவரும் பாசிக்கு மட்டும் வியாபாரி எடை போட்டுக் கொடுக்கிறார். அகர் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்கத்தான் அந்தப் பாசி போகிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். மன்னிக்க வேண்டும்.

1986-ல் ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுமார் 560 சதுர கிலோமீட்டர். அதற்கு முன்பு அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்து, சில நாள் தீவிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட்ட பெண்களுக்கு, கட்டுப்பாடு இறுக இறுக அங்கே போவதே குற்றமாகிவிட்டது. பிடித்து நிறுத்துவதும் பாசியை வாங்கி வைத்துக்கொள்வதும் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்புக் கருவி எதையும் கொண்டு பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, வெளியூரிலிருந்து டிக்கெட் எடுத்து வருகிறவரை மட்டும் அதே கரையில் இறக்கி நடக்கவிடுவது மனதுக்கு ஒப்பவில்லை. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவும் இல்லை. தீவில் நடக்க ஒருவருக்கு வழி திறக்கிறீர்கள் என்றால், அந்தத் தீவை இத்தனை காலம் அறிந்தவர் முன்னால் நடக்கட்டும் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

கட்டுப்பாடு ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடிப் பக்கம் இருந்த விலாங்குச்சல்லித் தீவும் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வருடக்கணக்கில் வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் அரித்துப்போன தீவுகள் அவை. 2001-லிருந்து பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் கிடக்கும் ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டாலும் குற்றம்தான். ஆனால் குழந்தைக்கு அழகான கல் என்று எடுத்துக் கொடுக்கிற அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்? அறிவிப்புப் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை. 'அதக் கீழ போடுங்க தம்பி, அது இந்தத் தீவோட எலும்பு' என்று முன்னால் போகிற ஒரு அம்மா திரும்பிச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாளுக்கும் மறக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி குருசடையின் பவளங்கள் மேல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பவளத்தை மூடி மூச்சுத் திணற வைக்கும் பாசி அது. அதை ஆள் வைத்துக் கையால் அகற்றவும் வேண்டியிருந்தது. தினமும் பாசியைத் தொட்டே வாழ்கிறவர்கள் வாரத்தில் சில நாள் தீவில் நடந்தால், அது புதிதாக எங்கே பிடித்திருக்கிறது என்று உங்களுக்கு முதலில் வந்து சொல்பவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள். 2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்ததையும் இவர்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள்.

நடக்குமா என்று கேட்கலாம். இதே மாவட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறது. தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டில் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சதுப்புக்காட்டுக்குள் படகுப் பயணம் நடத்துகிறீர்கள். அங்கே போனவர்கள் ஊரைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். தீவுகளைக் காவல் காக்கவும் மீனவ ஊர்களிலிருந்தே ஆட்களை வேட்டைத் தடுப்புக் காவலர்களாக எடுத்திருக்கிறீர்கள். ஆண்களுக்குக் கொடுத்த இடத்தைப் பெண்களுக்கும் கொடுப்பதில் என்ன தடை இருக்க முடியும்?

மொழி ஒரு சிக்கல்தான், வடநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம். அதற்கு ஊரில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைத் துணைக்குப் போடலாம். சம்பளத்தில் மட்டும் கறாராக இருங்கள். பயணிகள் விரும்பிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று டிக்கெட் பணத்திலிருந்து அவர்கள் வங்கிக் கணக்குக்கே போகட்டும். கச்சான் காற்று பிடித்துத் தென்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகு ஓடாது. அந்த மாதங்களுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். ஒரு படகுக்கு எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை நடை, கடல் உள்வாங்கும் நேரத்தில் யாரை எங்கே இறங்கவிடக் கூடாது என்பதை முடிவு செய்யும் கூட்டத்திலும் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள்.

அந்தக் கூட்டத்தை ராமநாதபுரத்தில் வைக்காமல் சின்னப்பாலத்திலேயே வையுங்கள். தேதி குறிக்கும்போது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அவர்கள் கடலில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து ஒருவன்