ஓலை வாசிப்பதற்கு முன்பே பேசலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

திருச்சபைகளில் இளம் வயதுத் திருமணம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்றோர்தான் பிள்ளைகளை அவசரப்படுத்துகிறார்கள் என்று முழுப் பழியையும் அவர்கள் மேலேயே போட்டிருந்தார் கட்டுரையாளர். நான் 22 வயதில் கல்யாணம் செய்துகொண்டவள். எங்கள் வீட்டில் அவசரப்பட்டது நான்தான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சட்டம் சொல்லும் வயதுக்குக் கீழே நடப்பதைப் பற்றி நான் பேசவில்லை, அது குற்றம். டிகிரி வாங்கிய கையோடு நடக்கும் கல்யாணங்களைச் சொல்கிறேன். பாடகர் குழு பிராக்டிஸ் முடிந்து ஒரு பையனும் பெண்ணும் கோயில் வாசலில் பத்து நிமிடம் நின்று பேசினால், அடுத்த ஆராதனைக்குள் சேகரம் (ஒரே போதகரின் கீழ் இருக்கும் சபைகள்) முழுக்கத் தெரிந்துவிடும். நிம்மதியாகப் பேசிப் பழக இருக்கும் ஒரே வழி நிச்சயம் பண்ணிக்கொள்வதுதான்.

அப்புறம், நண்பர்களின் கல்யாணங்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொடங்கினால், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து வரும்வரை ஓயாது. மும்பையிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் ஊருக்கு வரும் நேரம் அது. மார்கழியில் மற்றவர்கள் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மண்டபமும் கிடைத்துவிடும். ஒரே நிறத்தில் புடவை எடுப்பது, முந்தின ராத்திரி கோயிலை ஜோடிப்பது, மாப்பிள்ளையின் பள்ளிக்கூடப் போட்டோவைத் தேடிப்பிடித்து ஃப்ளெக்ஸ் அடிப்பது, எல்லாம் நாங்கள்தான். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ‘நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்’ என்ற யோசுவா 24:15 வசனம் எழுதிய சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுப்போம். (அதே கடிகாரம் எனக்கும் வந்தது, ஒன்றுக்கு மேல்.) இத்தனை சந்தோஷத்தையும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவளுக்கு, அடுத்தது நம்முடையதாக இருக்கக் கூடாதா என்று தோன்றாதா? தோன்றாவிட்டாலும் பந்தியில் பக்கத்தில் உட்காரும் சித்திமார் விடமாட்டார்கள்.

இத்தனைக்கும் இது, டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாளைக் கொண்டாடும் திருநெல்வேலிச் சீமை. 1951இல் இறக்கும்வரை அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுலும் 1 கொரிந்தியர் 7இல் தனித்திருப்பதை உயர்வாகவே பேசுகிறார். கல்யாணப் பிரசங்கம் எதிலும் அந்த அதிகாரம் என் காதில் விழுந்ததில்லை. எப்போதும் கணவன் மனைவிக்குப் புத்தி சொல்லும் எபேசியர் 5தான்.

எனக்கு நல்லபடியாக அமைந்தது. என் தோழி ஒருத்திக்கு அமையவில்லை. வேலைக்குப் போகலாமா, சம்பளம் யார் கையில் என்பதையெல்லாம் அவள் கேட்டதே தாலி ஏறிய பிறகுதான். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஆராதனையில் அறிவிக்கிறார்கள். தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) சபையைக் கேட்கிறார். கட்டிக்கொள்ளப்போகும் இரண்டு பேரிடம் எதுவும் கேட்பதில்லை. கத்தோலிக்கர்களுக்காவது திருமணத்துக்கு முன் பயிற்சி வகுப்பு உண்டு. எங்கள் சபையில் கல்யாண வாரத்தில் இருவரையும் கூப்பிட்டு ஜெபித்து அனுப்புவதோடு சரி. பத்திரிகை கொடுத்து, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டிய பிறகு எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?

அதனால் வாலிபர் கூட்டத்திலேயே, யாருக்கும் எதுவும் நிச்சயமாகாத நேரத்தில், இதைப் பேசுங்கள் என்று கேட்கிறேன். கல்யாணமாகிச் சில வருடங்களான தம்பதிகளைக் கூப்பிட்டு, பணம், வேலை, மாமியார் வீடு எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லவைக்கலாம். பையன்கள் கட்டாயம் உட்கார்ந்து கேட்கட்டும். வாசலில் நின்று பேசுகிறவர்களைப் பெரியவர்கள் கொஞ்சம் கண்டுகொள்ளாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை